வாசல் குழாயைத் தாண்டிப் போன அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. "உங்க அக்காவைப் பத்தி நல்லதா நாலு பக்கம் எழுதிக் குடும்மா" என்று அத்தான் கேட்டுக்கொண்டார். நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது. அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டோம். ஆனாலும் ஒரு நாள்கூட ஒத்த கருத்தோடு சாப்பிட உட்கார்ந்ததில்லை. அந்தச் சண்டைகளை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாரையோ பற்றிய கட்டுரையாகிவிடும். ஆகவே சண்டையையும் சேர்த்தே எழுதுகிறேன், அத்தான் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது லால்குடிக்கு அப்பால் ஒரு சிற்றூரில். எங்கள் தகப்பனார் குத்தகை நிலத்தில் வாழை போட்டவர். எனக்கு விவரம் தெரியுமுன்பே தாயார் காலமாகிவிட்டதால், அக்காவே எனக்குத் தலைவாரிச் சோறு போட்டு வளர்த்தார். எட்டாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. அந்தக் கோபத்தை அவர் கடைசிவரை விடவில்லை. அத்தான் பெண் பார்க்க வந்த அன்று, தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டிய பெண் நிமிர்ந்து, "என் தங்கச்சியும் என்கூட வருவா. அவளைப் படிக்க வைக்கணும்" என்று சொன்னாராம். அத்தான் வாயடைத்துப்போய்த் தலையாட்டியிருக்கிறார். இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார். அந்த வாக்கை அத்தான் காப்பாற்றியதால்தான் நான் உறையூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன்.

அத்தானுக்குத் திருச்சி வாழைக்காய் மண்டியில் பங்கு. வீடு திருவானைக்காவலில். அக்காவுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையைப் பற்றிப் பேச வருகிறவர்களிடம் அன்றைய பத்திரிகைச் செய்தியைப் பேச ஆரம்பித்துவிடுவார், வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் புறப்படுவார்கள். அப்படிப் பத்திரிகை படித்துப் படித்தே கட்சிக்குள் போனார். கட்சியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இன்றும் அதில் இருப்பவர்களும், அதை விட்டுப் போனவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள். இரு தரப்பாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

சாதி ஒழிய வேண்டும் என்பது அந்தக் கட்சியின் கொள்கை. மேடையில் அதைச் சொல்லாத பேச்சாளர் கிடையாது. அக்கா அதை அப்படியே நம்பினார். கொள்கை என்றால் நம் வீட்டு அடுப்படிவரை வர வேண்டும் என்பார். நானோ காரியக்காரி. கொள்கையைச் சுவரில் எழுதிக்கொள், முதலில் ஜனங்களுக்கு ஆக வேண்டியதைச் செய் என்பது என் கட்சி. "நீ கடைக்காரிடி" என்பார் அக்கா. "நீ சாமியாரிணி" என்பேன் நான். இரண்டு பேருக்கும் நடுவில் அத்தான் தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் நிற்க ஆண்கள் இருவர் அடித்துக்கொண்டதால், இருவருக்கும் இல்லாமல் அக்காவை நிறுத்தினார்கள். தோற்றாலும் நட்டமில்லை என்று நினைத்திருப்பார்கள். அக்கா ஜெயித்துவிட்டார்.

எங்கள் வார்டு எப்படிப்பட்டது என்பதை வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில், எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே நகராட்சிக் குழாய் இருந்தது. தெருவைத் தாண்டி வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கொள்ளிடத்தை ஒட்டினாற்போல் தாழ்த்தப்பட்ட மக்களின் காலனி. அங்கே குழாய் கிடையாது. காலனிப் பெண்கள் கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிறைப்பார்கள். எங்கள் தெருக் குழாயில் அவர்கள் கை வைக்கக் கூடாது. அதைத் தடுப்பது குற்றம் என்று சட்டம் வந்த பிறகும் தெருவில் ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை.

அக்கா கவுன்சிலரான முதல் கோடையில், காலனிக்கென்று தனியாக ஒரு குழாய் போட்டுத் தரலாம் என்று நகராட்சித் தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் எதிர்க்கட்சிக்காரர். எங்கள் கட்சி எதிர்க்கச் சொன்னது, அக்காவும் எழுந்து மனதார எதிர்த்தார். "ஜனங்க பண்ற தீண்டாமைக்கு நகராட்சியே குழாய் போட்டுக் குடுக்கறதா? இருக்கற குழாய்ல அவங்க தண்ணி பிடிக்கட்டும். அதுக்குப் பாதுகாப்புக் குடுங்க" என்று பேசினார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்கென்று இருந்த பணம் வேறு வார்டுக்குப் போயிற்று. கட்சிக்காரர்கள் அக்காவுக்கு மாலை போட்டு ஊர்வலமாக அழைத்துவந்தார்கள். கட்சிப் பத்திரிகையில் அவருடைய பேச்சு முழுதும் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலமே நான் கேட்டேன்: "எல்லாம் சரிக்கா. நாளைக்கு அவங்க எங்க போய்த் தண்ணி எடுப்பாங்க?"

"நம்ம வாசல்லதான்" என்றார் அக்கா.

சொன்னபடி மறுநாள் காலையிலேயே காலனிக்குப் போய்ப் பெண்களை அழைத்துவந்தார். முன்னால் வந்தவர் அஞ்சலை. அக்காவை விட மூத்தவர், எங்கள் தெருக்காரர் ஒருவரின் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். அக்கா குழாயடியில் காவலாக நிற்க, அவர்கள் நான்கைந்து பேர் குடத்தை நிறைத்துக்கொண்டு போனார்கள். வாய்ச்சண்டைகூட நடக்கவில்லை. அவர்கள் தலை மறைந்ததும் எதிர்வீட்டு ராஜாமணி அம்மாள் புளியும் மண்ணும் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க அந்தக் குழாயைத் தேய்த்துக் கழுவினார். அதன் பிறகு தெருப் பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு கை தண்ணீரைக் குழாயின் மேல் விட்டுவிட்டுத்தான் குடத்தை வைத்தார்கள். அந்த வாரத்துக்குள் அஞ்சலையையும் கூட வந்தவர்களையும் தோட்டங்களில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அஞ்சலை எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா உள்ளே கூப்பிட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"உள்ள வரலைங்க. சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போயிடுறேன். நீங்க பேசினது பேப்பர்ல வந்துச்சாம். என் மருமவன் படிச்சுக் காட்டினாரு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்குத் தோட்டத்துல வேலை போயிடுச்சு. எங்களுக்கு வர இருந்த குழாயும் போயிடுச்சு. இந்தச் சித்திரை வெயில்ல மறுபடி ஊத்துத் தோண்டத்தான் போறோம். வேணாம்னு சொல்றதுக்கு முந்தி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லங்க?"

எந்த மேடையிலும் வார்த்தைக்குத் தவிக்காத அக்கா, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தான் அன்றே அஞ்சலைக்கு மண்டியில் வேலை ஏற்பாடு செய்தார். மற்றவர்களுக்கு அந்த வழியும் இருக்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "கொள்கைக்கு மாலை உனக்கு, சுமை அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அந்தக் கோடை முழுவதும் காலனிப் பெண்கள் ஆற்றுக்குத்தான் நடந்தார்கள். அக்கா தினமும் மாடியில் நின்று அதைப் பார்ப்பார். தன் கொள்கை தப்பென்று ஒரு நாளும் அவர் சொல்லவில்லை. ஆனால் சோறு இறங்காமல் இருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு சட்டசபைத் தேர்தல் நெருங்கியது. கட்சியின் நகரச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தத் தனிக் குழாய்த் தீர்மானம் மறுபடி வருகிறது, இந்த முறை அதை ஆதரித்து ஓட்டுப் போட வேண்டும் என்றார்.

"போன வருஷம் எதிர்க்கச் சொன்னது நீங்கதானே அண்ணே?" என்றார் அக்கா.

"அது போன வருஷம் தங்கச்சி. இப்ப உங்க தெரு ஓட்டு நமக்கு வேணும். குழாயில கை வெச்சுருவாங்களோன்னு தெருவே பயந்து கெடக்கு. அந்தப் பக்கம் ஒரு குழாயைப் போட்டுட்டா பயம் தீந்துடும். அவங்களுக்கும் தண்ணி கெடைக்கும். காரியம் ஆகட்டும்மா. கொள்கையை ஜெயிச்சுட்டு வந்து பேசிக்குவோம்."

"அப்ப நீங்க போட்ட மாலையைத் திருப்பிக் குடுத்துடவா?"

செயலாளர் சிரித்தார், அக்கா சிரிக்கவில்லை. "மாறணும்னா மாறுங்கண்ணே. போன வருஷம் சொன்னது தப்புன்னு மேடை போட்டுச் சொல்லிட்டு மாறுங்க. எந்த மைக்குல வேணாம்னு கத்துனோமோ அதே மைக்குல வேணும்னு கத்துனா, நம்மளை எவன் நம்புவான்?"

நான் இந்த முறை செயலாளர் பக்கம். அவர் எதற்காகக் கேட்டாலும் காலனிக்குத் தண்ணீர் வந்துவிடும் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர் போன பிறகு அக்காவிடம் அதையே சொன்னேன். "யாரு கொண்டு வந்தா என்னக்கா? தண்ணிக்குக் கட்சி தெரியுமா?"

"தண்ணிக்குத் தெரியாதுடி. எனக்குத் தெரியணும்" என்றார். ஆனால் அன்று அவர் வாதத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு காலனிக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். அஞ்சலை வீட்டு வாசலில் உட்கார்ந்து, "போன வருஷம் கேக்காம விட்டேன். இப்ப கேக்கறேன். தனிக் குழாய் வேணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

அஞ்சலை நேராகச் சொன்னார். "தண்ணி வேணும்ங்க. தனியா வேணும்னு நாங்க யாரும் கேக்கலை."

நகராட்சிக் கூட்டத்தில் அக்கா ஆதரவாக ஓட்டுப் போட்டார். அதற்கு முன் எழுந்து நின்று, "தண்ணி சுமக்கறவங்களைக் கேக்காம போன வருஷம் நான் எதிர்த்தேன். கேக்காதது என் தப்பு. குழாய் வரட்டும். ஆனா அது தனிக் குழாயா இருக்காது. நாளைக்கு என் வீட்டுத் தண்ணியை நான் அங்கதான் பிடிப்பேன்" என்றார். கவுன்சிலர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மேடைப் பேச்சு என்று நினைத்துவிட்டார்கள். செயலாளரும் அப்படித்தான் நினைத்தார். அக்காவை அவர்களுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

குழாய் திறந்த மறுநாள் காலையில் அக்கா பித்தளைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். எதிரே எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தைக் கடந்து காலனிக் குழாய்க்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்றவர்கள் பதறி விலகினார்கள். "நீங்க முதல்ல பிடிங்கம்மா" என்றார்கள். அக்கா நகரவில்லை. அஞ்சலைக்குத்தான் கோபம் வந்தது.

"வாசல்லயே குழாயை வெச்சுக்கிட்டு எங்களுக்குக் கெடச்ச இதுலயும் பங்குக்கு வரீங்களா கவுன்சிலரம்மா?"

"நான் இங்க வந்தாத்தான் இது பொதுக் குழாய். இல்லைன்னா ஒதுக்கி வெச்ச குழாய்."

அஞ்சலை விடவில்லை. "அப்ப எங்க சட்டத்துக்கு நீங்க கட்டுப்படணும். வந்தவங்க வந்த வரிசையில நிக்கணும். குழாயை யாரும் கழுவிட்டுப் பிடிக்கக் கூடாது. கவுன்சிலரா இருந்தாலும் சரி."

"கட்டுப்படறேன்" என்றார் அக்கா.

அன்று தொடங்கியது. மழையானாலும் வெயிலானாலும் தினம் ஒரு குடம். தெரு எங்களைத் தள்ளி வைத்தது. நல்லது கெட்டதற்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எனக்கு வந்துகொண்டிருந்த ஒரு வரன் நின்றுபோயிற்று. மாப்பிள்ளையைப் பற்றிப் பிறகு கேள்விப்பட்டபோது அதற்காக அக்காவுக்கு நன்றி சொல்லத்தான் தோன்றியது. மண்டியில் அத்தானிடம் பேசாதவர்கள் பலர். அத்தான் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அந்தத் தண்ணீரில்தான் அவருக்குக் காப்பி, சாப்பாடு எல்லாம்.

செயலாளர் ஓடிவந்தார். "தங்கச்சி, தெருவே கொந்தளிக்குது. இதை நிறுத்து" என்றார். "நீங்க சொன்னபடிதானே அண்ணே ஓட்டுப் போட்டேன்?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். கட்சி விளக்கம் கேட்டது. அக்கா விளக்கம் கொடுத்தார். கட்சியின் கொள்கைப் புத்தகத்தில் உள்ள வரிகளைத்தான் எடுத்து எழுதியிருந்தார். அவரைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். அடுத்த நகராட்சித் தேர்தலில் வேறொருவர் நின்று வென்றார். பதவி போனதற்கு அக்கா வருந்தவில்லை, கட்சி போனதற்கு வருந்தினார். அந்தக் கொடி போகும் ஊர்வலத்தைக் கண்டால் கண் கலங்கும். குடத்தை மட்டும் கீழே வைக்கவில்லை.

அப்புறம் ஒரு கோடை. மழை பொய்த்து, எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்து, பிறகு காற்று மட்டும் வந்தது. எங்கள் தெரு மேடு. காலனி பள்ளத்தில் இருந்ததால் அங்கே மட்டும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தெருப் பெண்கள் ஒன்றிரண்டு நாள் பொறுத்தார்கள். பிறகு ஒரு நாள் காலை ராஜாமணி அம்மாள் குடத்தோடு பாலத்தைக் கடந்து வந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். அக்கா வரிசையில் இருந்தார், அன்று பள்ளி விடுமுறை என்பதால் நானும் இருந்தேன்.

ராஜாமணி அம்மாள் நேரே குழாயடிக்குப் போய், பழக்கதோஷத்தில் ஒரு கை தண்ணீரை ஏந்திக் குழாயின் மேல் விடப்போனார். அஞ்சலை தம் குடத்தைக் குழாயடியில் வைத்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"இங்க அந்தப் பழக்கம் இல்லைங்கம்மா. தண்ணி நிறைய வருது. எல்லாருக்கும் கெடைக்கும். பின்னால வரிசையில நில்லுங்க."

ராஜாமணி அம்மாள் அக்காவைப் பார்த்தார். தெருக்காரியாயிற்றே, ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அக்கா தம் பின்னால் இருந்த இடத்தைக் கையால் காட்டினார். ராஜாமணி அம்மாள் கையில் இருந்த தண்ணீரை மண்ணில் விட்டுவிட்டு, வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குடத்தை வைத்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் ஆரம்பித்தேன். "பாத்தியாக்கா? உன் கொள்கை வருஷக்கணக்கா கூப்பிட்டும் வராதவங்க, தாகம் எடுத்ததும் வந்துட்டாங்க."

"வந்தது தாகத்தாலதான். வரிசையில நின்னது?" என்றார் அக்கா.

கட்சிகள் கொள்கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா, ஜனங்களுக்கு ஆகிறதைப் பார்க்க வேண்டுமா என்று இன்றும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. முதல் ஆண்டு அக்கா கொள்கையை மட்டும் பார்த்தார், காலனிக்குத் தண்ணீர் இல்லாமல் போயிற்று. செயலாளர் ஓட்டை மட்டும் பார்த்தார். அவர் விருப்பப்படியே விட்டிருந்தால் தண்ணீர் வந்திருக்கும், அதோடு ஒதுக்கி வைத்ததும் நிலைத்திருக்கும். நான் காரியக்காரிதான், இன்னும் அதை விடவில்லை. ஆனால் ஓட்டுக்காகக் கொள்கையைக் கழற்றி வைக்கிற கட்சி, ஜெயித்து வந்த பிறகு அதைத் தேடிப் போட்டுக்கொள்ளும் என்று எவராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். என் கண் முன்னால் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அக்காவுக்கு மார்வலி கண்டது. குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அக்கா செம்பை எடுத்துக்கொண்டு போனார். "செம்பு தூக்கக் கூடாதுன்னு அவர் சொல்லலையே" என்றார். படுக்கையில் விழுந்தபின் அந்த வேலை என்னுடையதாயிற்று. ஒரு நாள் விடியற்காலையில், அத்தான் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போய்விட்டார். கட்சிக்காரர்கள் உடல்மேல் போர்த்தக் கொடியோடு வந்தார்கள். நீக்கியதை ரத்து செய்துவிட்டதாகச் செயலாளர் சொன்னார். அத்தான் என்னைப் பார்த்தார். போர்த்தட்டும் என்றேன். அந்தக் கொடி மேல் அக்காவுக்கு இருந்த ஆசை எனக்குத் தெரியும்.

அவருடைய நோயின்போது உதவிய டாக்டருக்கும், மண்டி நண்பர்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த அஞ்சலை அவர்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த ராஜாமணி அம்மாளுக்கும், கொடி கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. இப்போது எங்கள் தெருவுக்கு வீட்டுக்கு வீடு குழாய் இணைப்புத் தருகிறார்கள். காலனிக்கு மட்டும் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அக்கா இருந்திருந்தால் நான் இணைப்பை வாங்கிக்கொள் என்றும் அவர் கூடாது என்றும் விடிய விடியப் பேசியிருப்போம். இப்போது அவர் பக்கத்தையும் நானே பேச வேண்டியிருக்கிறது, எதிர்க்க ஆளில்லாமல் வீடு வெறிச்சென்றிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இணைப்பு வேண்டாம் என்று எழுதி எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் புறப்பட்டேன். வழியில் அஞ்சலை அவர்கள் நிறுத்தி, என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"ஏம்மா, நீங்களும் அக்கா மாதிரியே கேக்காம ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கடிந்துகொண்டார். "வேணாம்னு எழுதாதீங்க. ரெண்டு பக்கத்துக்கும் சேத்து வேணும்னு எழுதுங்க. நாங்களும் கையெழுத்துப் போடுறோம்."

அப்படியே மாற்றி எழுதினேன். இரு பக்கத்தாரும் கையெழுத்திட்டார்கள், ராஜாமணி அம்மாள் உட்பட. கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். அதுவரை என் குடம் காலனிக் குழாய் வரிசையில்தான் இருக்கும்.